ஒன்று குறைகிறது

நாற்பத்தோராயிரத்து இருநூற்று எண்பத்தாறு என்று ஒளித்திரையின் நெற்றியில் சிவப்பாக எரிகிறது. நாற்பத்தோராயிரத்து இருநூற்று எண்பத்தைந்து என்று என் லேப்டாப்பில், மிஷினை ஓட்டும் மென்பொருளான கெர்னல் சொல்கிறது. ஒன்று குறைகிறது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுப் பார்த்தாலும் ஒன்று குறைகிறது. பத்தாயிரம் குறைந்திருந்தால் சந்தோஷமாக இருந்திருக்கும், எங்கேயோ ஒயர் அறுந்திருக்கிறது என்று தேடிப் போகலாம். ஐம்பது குறைந்திருந்தால்கூட அதற்கு ஒரு முகம் இருக்கும். ஒன்று என்றால் என்ன செய்வது, எந்த நாள், எந்த நேரம், எதையும் சொல்லாமல் போயிருக்கிறது. போன வெள்ளியும் சனியும் சாயங்காலம் சாயங்காலம் இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது, சரியாக இருந்ததால் திங்களிலிருந்து பார்க்கவில்லை, இதுதான் நான், சரியாக இருந்தால் பார்க்க மாட்டேன். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் பின்கட்டில் ஆறடி அகலக் கட்டிங் மிஷின் முன்னால் ஒரு பேப்பர் பண்டல் மேல் உட்கார்ந்திருக்கிறேன், மணி ஒன்பதே முக்கால், சோதனைக்காக ஆறு நாள் கத்தி இல்லாமல் ஓடின மிஷினுக்கு இன்றைக்குக் காலையில்தான் கத்தியைப் பூட்டினார்கள், எண்ணெய் துடைத்த அந்த விளிம்பில் டியூப்லைட் ஒரு கோடாக விழுந்து கிடக்கிறது, பத்து மணிக்கு அச்சக முதலாளி அண்ணாச்சி வருவார், வந்ததும் நான் அந்தக் கோட்டுக்கு அடியில் என் கையை வைக்க வேண்டும்.

இது இங்கே வழக்கமாம். வந்த முதல் நாளே கட்டர் லிங்கம் அண்ணன் சொல்லிவிட்டார், தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று சொல்கிற மாதிரி. "புது மிஷினை எவர் பூட்டுறாரோ அவர்தான் தம்பி மொதல்ல கை வைக்கணும். நான் மிதியை மிதிப்பேன், கத்தி எறங்கும், நீங்க கையை உள்ள நீட்டணும், கத்தி அந்தரத்துல நிக்கணும். நின்னுச்சுன்னா மறுநிமிஷம் நான் வேலைக்கு ஏறிருவேன். நாங்க வேற பேப்பர் எதுலயும் கையெழுத்து கேக்கறதில்ல." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கை வைக்காத மிஷினில் இந்தத் தெருவில் எந்தக் கட்டரும் நிற்க மாட்டாராம். இருபத்திரண்டு வருஷமாகக் கத்திக்கு முன்னால் நிற்கிறார், பத்து விரலும் இருக்கிறது, அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுகூட இல்லை, கண் படும் என்று. இப்போது எதிரில் நின்று மிஷின் மேசையைப் பழைய பனியன் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். "என்ன தம்பி, ரொம்ப நேரமா கையையே பாத்துட்டு இருக்கீக. மோதிரம் போட்டா எப்படி இருக்கும்னா?" என்கிறார். "இல்லண்ணே, சும்மா," என்கிறேன். அது அவருக்குக் கேட்டிருக்காது. பக்கத்து அறையில் ஆஃப்செட் மிஷின்கள் ஓடுகின்றன, என் குரல் சாதாரணமாகவே எனக்குப் பாதிதான் கேட்கும். "மெதுவாப் பேசுற பிள்ளைக நல்ல பிள்ளைக," என்று அவரே சொல்லிக்கொண்டு அடுத்த மூலைக்குப் போகிறார். நல்ல பிள்ளை. அதுதான் தொல்லையே.

சரி, முதலிலிருந்து வருவோம், எத்தனையாவது தடவையோ தெரியாது, முதலிலிருந்தே வருவோம். ஒரு ராஜா இருந்தாராம். ப்ராஸஸரைத்தான் சொல்கிறேன், ஆனால் ராஜா என்று வைத்துக்கொண்டால்தான் எனக்கு மண்டையில் ஏறும். ராஜா உட்கார்ந்து ஓலை எழுதிக்கொண்டே இருந்தாராம், ஓயாமல். வாசலில் ஒரு மணி இருந்ததாம். யாருக்காவது அவசரம் என்றால் கயிற்றை இழுப்பார்களாம். மணி அடித்ததும் ராஜா எழுதின எழுத்தைப் பாதியில் விட்டு, எங்கே விட்டோம் என்று ஓர் அடையாளம் வைத்துவிட்டு, வாசலுக்கு ஓடுவாராம். அங்கே உட்காரக்கூடாது, கண் அசரக்கூடாது, வந்தவரோடு கதை பேசக்கூடாது, முக்கியமான காரியத்தை மட்டும் செய்துவிட்டு, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று குறித்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, விட்ட எழுத்திலிருந்து எழுத வேண்டுமாம். ஓலைக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியக்கூடாதாம். இதுதான் இன்டரப்ட். இவ்வளவுதான். நாலு வருஷம் காலேஜில் இதை நாற்பது படம் போட்டு விளக்கினார்கள். நம் மிஷினில் மணி ஒன்று, கயிறு மூன்று. கால் மிதி ஒரு கயிறு, பேப்பர் கட்டை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒரு கயிறு, ஒளித்திரை ஒரு கயிறு. கத்திக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கம்பிகள் மேலிருந்து கீழாக வரிசையாக ஓடுகின்றன, ஒரு விரல் குறுக்கே போனாலும் அறுபடும், அறுபட்டதும் மணி. வாசலில் ஒரு சிலேட்டு தொங்குகிறது, எந்தக் கயிற்றை இழுத்தாலும் அந்தச் சிலேட்டில் அவரவர் இடத்தில் ஒரு கோடு விழும். ராஜா வந்து சிலேட்டைப் பார்ப்பார். மிதி என்றால் கத்தியை இறக்குவார். ஒளித்திரை என்றால் கத்தியை நிறுத்துவார். பார்த்த பிறகு துடைக்க வேண்டும், துடைத்தால்தான் மணி ஓயும். ஆறு நாளில் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் தடவை லிங்கம் அண்ணன் கையை நீட்டிப் பேப்பரைத் தள்ளியிருக்கிறார், ஒளித்திரை அத்தனையும் எண்ணியிருக்கிறது, ராஜா ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? மணி அடிக்கவில்லையா, அடித்தும் போகவில்லையா, போயும் பார்க்கவில்லையா?

மணி அடிக்கவில்லை என்றுதான் மூன்று வாரமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோயம்புத்தூரில், ஆபீஸில், சோதனை மேசையில் ஒரு தடவை இதே போல ஒன்று குறைந்தது. நான் ஜெஸிந்தாவிடம் போனேன். மிஷினின் சர்க்யூட் போர்டு அவள் செய்தது. "கனெக்டர் ஆடுது போல ஜெஸி," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், மெதுவாகச் சொன்னதாலேயே நம்பிவிட்டாள். மூன்று தடவை பற்றவைத்தாள். கட்டைவிரலில் சூடு போட்டுக்கொண்டு வந்து காட்டி, "உன் ராஜாவுக்குக் காது கேக்குதான்னும் ஒரு தடவை பாரு நவா," என்றாள். பார்க்கிறேன் என்றேன். பார்த்தேனா? பார்த்தேன், மேலோட்டமாக. அதைப் பிடிக்க ஒரு வரி எழுதினேன், ஒவ்வொரு தடவையும் யார் வந்தார்கள் என்று திரையில் அச்சடிக்கும் வரி. அப்புறம் ஒன்றும் குறையவில்லை, பிழை தானாகப் போய்விட்டது என்று எல்லோரும் டீ குடிக்கப் போனோம். எரிச்சலாக வருகிறது. அந்தக் கூட்டம் வேறு, அதை நினைத்தால் இன்னும் எரிச்சல். எங்கள் முதலாளி வித்யாசாகர் சார் தலைமை. ஜெஸி சொன்னாள், ஒளித்திரையிலிருந்து கத்தியின் கிளட்சுக்கு நேராக ஒரு ஒயர் இழுத்துவிடலாம் சார், கெர்னல் தூங்கினாலும் செத்தாலும் கத்தி நிற்கும் என்று. சார் பேனாவை மூடி, "அதெல்லாம் சாஃப்ட்வேர்ல பாத்துக்கலாம்மா," என்றார். எங்கள் கம்பெனியில் எது சரியாக வராவிட்டாலும் சாஃப்ட்வேரில் பார்த்துக்கொள்ளலாம், பெட்டியின் மூடி சேராவிட்டால்கூடச் சாஃப்ட்வேரில் பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் "சரி சார்" என்றேன். ஏன் சொன்னேன்? வாயிலிருந்து அதுதான் வரும், தும்மல் மாதிரி. அந்த ஒயர் என்ன நீளம் இருக்கும், இங்கிருந்து அங்கே, நாலு அடி.

"தம்பி, கலர் குடிக்கிறீகளா?" லிங்கம் அண்ணன். வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். அவர் ஒரு சோடா பாட்டிலைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். இவரும் கேட்பதில்லை, யாரும் கேட்பதில்லை. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. குறைகிற அந்த ஒன்றை விட்டுவிடலாமா, ஒளித்திரையே ஒன்றைக் கூட்டி எண்ணியிருக்கலாம், ஒரு ஈ பறந்திருக்கலாம், ஈ பறந்தாலும் மணி அடிக்க வேண்டுமே. நிரலைத் திறக்கிறேன். என் ஹேண்ட்லர், மொத்தம் இருபத்தாறு வரி, ராஜா வாசலுக்குப் போய் என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தது. மனப்பாடம். மனப்பாடமாக இருப்பதால்தான் கண் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. விரலை வைத்து வரி வரியாகப் போ, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி போ. சிலேட்டைப் படி. சரி. மிதி இருந்தால் கத்தியை இறக்கு. சரி. ஒளித்திரை இருந்தால் கத்தியை நிறுத்து. சரி. யார் வந்தார்கள் என்று திரையில் அச்சடி. இது பிழை பிடிக்கப் போட்ட வரி, எடுக்க மறந்துவிட்டேன், இருந்துவிட்டுப் போகட்டும். சிலேட்டைத் துடை. சரி. திரும்பு. எல்லாம் சரி. மறுபடி. படி, இறக்கு, நிறுத்து, அச்சடி, துடை. மறுபடி. துடை. எதைத் துடை? முழுச் சிலேட்டையும் துடை. ஏன் முழுச் சிலேட்டையும்? கட்டக்கடைசியில் சுத்தமாக இருக்கட்டும் என்று. ராஜா வந்தாராம், சிலேட்டைப் பார்த்தாராம், மிதி என்று இருந்ததாம், கத்தியை இறக்கினாராம். பிறகு திரும்பி நின்று, இன்னார் வந்தார் என்று நாட்குறிப்பில் எழுதினாராம். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கை வந்து ஒளித்திரைக் கயிற்றை இழுத்ததாம், சிலேட்டில் புதுக் கோடு விழுந்ததாம். ராஜா எழுதி முடித்து, திரும்பி, பார்க்காமலேயே, முழுச் சிலேட்டையும், ஈரத்துணியால்...

பார்த்ததை மட்டும் துடைத்திருக்க வேண்டும். மிதியைப் பார்த்தாயா, மிதியின் கோட்டை மட்டும் அழி, மற்றவர் கோடு உன்னுடையது இல்லை. ஒரு வரி, வரியில் ஒரு சொல். அந்த நாட்குறிப்பு வரி இல்லாவிட்டால் பார்ப்பதற்கும் துடைப்பதற்கும் நடுவில் கண் இமைப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான், அதற்குள் யாரும் வந்துவிட முடியாது, வந்தால் அது வருஷத்துக்கு ஒரு தடவை. பிழையைப் பிடிக்க வேண்டும் என்று நான்தான் நடுவில் அந்த வரியைச் சொருகினேன், அது போய்த் திரையில் எழுத்து எழுத்தாக அச்சடித்து முடிக்க நாலு மில்லிசெகண்ட் ஆகும், நூறு மடங்கு அகலமாகக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அதற்குப் பொறி என்று பெயர் வைத்தேன். ராஜாவுக்குக் கதை பேசாதே என்று சட்டம் சொன்னவனே நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறேன். ஜெஸியின் கட்டைவிரல். கனெக்டர் ஆடவில்லை. எதுவும் ஆடவில்லை. மூன்று வாரமாக அவள் போர்டை அவள் கையாலேயே சூடு போட வைத்திருக்கிறேன்.

வித்யாசாகர் சாருக்குப் போன் போடுகிறேன். எடுத்த உடனே, "கை வச்சாச்சா?" என்கிறார். இல்லை சார், ஒரு பிழை கிடைத்திருக்கிறது என்று சொல்கிறேன், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது, பண்டல்களுக்குப் பின்னால் போய் நின்று சொல்கிறேன். "எத்தனைல எத்தனை?" நாற்பத்தோராயிரத்தில் ஒன்று சார். அந்தப் பக்கம் அவர் மூச்சு விட்டுச் சிரிப்பது கேட்கிறது. "தம்பி, ரோட்டைக் கடக்கறதுல அதைவிட ஆபத்து இருக்கு. நாளன்னிக்கு ஆடி பொறக்குது, ஆடில அந்த மனுஷன் புதுசா ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார். ஆடிப்பெருக்குக்கு அவரோட காலண்டர் சாம்பிள் ஆல்பம் வெளிய போகணும். இன்னைக்கு விட்டா ஒரு மாசம் போச்சு. கையை வச்சுட்டு வாங்க, திங்கக்கிழமை நிதானமா அப்டேட் பண்ணிக்கலாம்." நான் சொல்கிறேன், என்ன சொல்கிறேன், "சரி சார்" என்கிறேன். போனை வைத்த பிறகும் அந்தச் சொல் வாயில் கிடக்கிறது, பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி.

சார் சொன்னதில் கணக்குத் தப்பில்லை. நாற்பத்தோராயிரத்தில் ஒன்று. நான் ஒரே ஒரு தடவை கை வைக்கப் போகிறேன். என் கை பத்திரம், அவர் சொல்கிற ரோட்டை விடப் பத்திரம். கத்தி நிற்கும், அண்ணாச்சி தேங்காய் உடைப்பார், லிங்கம் அண்ணன் வேலைக்கு ஏறுவார், நான் மத்தியான பஸ்ஸில் ஏறிவிடுவேன், திங்கட்கிழமை ஒரு சொல்லை மாற்றி அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. அதுவரை இரண்டு நாள், நாளைக்கும் நாளன்றைக்கும், சீசனுக்கு ஞாயிறும் உண்டாம். இரண்டு நாளைக்குப் பதிமூன்றாயிரம், பதினாலாயிரம் தடவை கை நீட்டுவார். அதிலும் குறைகிற அந்த ஒன்று எல்லா நேரமும் ஆபத்தில்லை. கத்தி மேலே சும்மா நிற்கும்போது கை நீட்டினதை ராஜா பார்க்காவிட்டால் என்ன, ஒன்றும் இல்லை, மிதியை மிதித்திருந்தால்தானே ஆபத்து. அப்படியென்றால் இன்னும் குறைவுதான், அதில் பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று. நல்லது. கலரை எடுத்து ஒரு வாய் குடிக்கிறேன். இல்லை. பொறு. கை போனது எப்போது தொலைகிறது? அதற்குச் சற்று முன் வேறு ஒருவர் மணி அடித்து, ராஜா வாசலில் நிற்கும்போது மட்டும்தான் தொலைகிறது. வேறு ஒருவர் என்றால் கிளாம்ப் அல்லது மிதி. கிளாம்ப் இறங்குவதே மிதியை மிதித்தால்தான். கத்தி சும்மா நிற்கும்போது வந்த கை ஒன்றுகூடத் தொலையாது, தொலைய வழியே இல்லை. தொலைவது, கால் மிதியில் இறங்கின அந்த நாலு மில்லிசெகண்டில், ஐயோ பேப்பர் கோணிவிட்டதே என்று பாய்ந்து உள்ளே போகிற கை மட்டும்தான். மனுஷன் தப்புச் செய்கிற கணத்தை மட்டும் பொறுக்கி எடுத்து என் நிரல் துடைக்கிறது. எந்தக் கைக்காக இத்தனையும் கட்டினோமோ அந்தக் கையை மட்டும். நூற்றில் ஒன்று இல்லை, அந்த ஒன்று முழுசாக ஒன்று. ஆறு நாளைக்கு ஒரு கை.

அண்ணாச்சி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, பின்னால் தாம்பாளத்தோடு கணக்குப்பிள்ளை. "பத்தரைக்கு ராகுகாலம். கால்மணி நேரத்துல முடிச்சிருவோம்யா." மிஷினின் நெற்றியில் சந்தனம் வைக்கிறார், குங்குமம் வைக்கிறார், ஒளித்திரையின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைக்கிறார், சிவப்பு எண் ஒன்று கூடுகிறது, கெர்னலிலும் ஒன்று கூடுகிறது, இப்போதும் ஒன்று குறைகிறது. லிங்கம் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு மிதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். பேப்பர் கட்டை வைத்து விளிம்பைத் தட்டிச் சமப்படுத்துகிறார், விரல்கள் நீளமாக, நகமெல்லாம் ஒட்ட வெட்டி. "வாங்க தம்பி. பயப்படாதீக, நான் மிதிச்ச உடனே நீட்டுங்க." எழுந்து போகிறேன். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டுகிறேன், ஏன் சுருட்டுகிறேன் என்று தெரியவில்லை. மேசையின் இரும்பு குளிர்ச்சியாக இருக்கிறது. என் கை போகாது. அதுதான் கண்றாவி, என் கை போகாது, கத்தி நிற்கும், அது நிற்பதைப் பார்த்து இவர் நம்புவார். நான் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை, கை சொல்லிவிடும்.

"வைக்க மாட்டேன்." யாருக்கும் கேட்கவில்லை. அண்ணாச்சி கற்பூரத்தைப் பார்க்கிறார். லிங்கம் அண்ணனின் பெருவிரல் மிதியில். "வைக்க மாட்டேன்ணே," என்கிறேன், இந்தத் தடவை தொண்டை கிழிகிற மாதிரி இருக்கிறது, எல்லோரும் திரும்புகிறார்கள். "என்னய்யா, பயந்துட்டானா?" என்கிறார் அண்ணாச்சி. "பயம் இல்ல அண்ணாச்சி. என் கை வச்சா நின்னுரும். நூறு தடவை வச்சாலும் நிக்கும். ஆனா ஆறு நாளைக்கு ஒரு தடவை நிக்காது. அப்ப உள்ள இருக்கறது இவுக கையாத்தான் இருக்கும். போர்டுல ஒண்ணும் இல்ல. நான் எழுதுன வரிலதான் தப்பு. அதைத் திருத்தினாலும் நேரா ஒரு ஒயர் இழுக்காம இதுல யாரும் நிக்கக்கூடாது." இவ்வளவு நீளமாக நான் பேசி எனக்கே ஞாபகம் இல்லை. அண்ணாச்சி என்னைப் பார்க்கிறார், கத்தியைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார். "ஆறு நாள் சும்மா ஓட்டுனீகளேய்யா. அப்பல்லாம் என்ன செஞ்சீக?" சுருட்டின சட்டைக் கையை இறக்கிவிடுகிறேன். "இவுக மொதலாளிய போன்ல கூப்பிடு," என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போகிறார். கணக்குப்பிள்ளை தாம்பாளத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பின்னால் போகிறார். இனி சார் கூப்பிடுவார், கத்துவார், கத்தட்டும், அந்தப் பக்கமிருந்து என்ன கேட்டாலும் இன்றைக்கு அந்தச் சொல் என் வாயில் வராது என்று நினைக்கிறேன், நிச்சயமாகச் சொல்ல முடியாது, நினைக்கிறேன்.

லிங்கம் அண்ணன் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். மெயின் சுவிட்சை இறக்கினார். என்னை ஒன்றும் கேட்காமல், ஸ்பானரை எடுத்துக் கத்தியின் போல்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். நான் இந்த முனையைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது போல்டில் நிறுத்தினார்.

"ஆறு நாளைக்கு ஒண்ணுன்னா, அது இந்த ஆறு நாள்ல ஒரு தடவை வந்துருச்சா தம்பி?"

"வந்துருச்சுண்ணே. ஒண்ணு கொறையுது. எந்த நாள்னு தெரியல."

ஸ்பானரை மேசையில் வைத்தார். "செவ்வாக்கிழமை," என்றார். "சாயங்காலம் நாலு, நாலரை இருக்கும். மிதிச்சுட்டேன், பேப்பர் ஒண்ணு நட்டுக்கிட்டு நின்னுச்சு, தட்டிவிடலாம்னு கையை விட்டுட்டேன். மேல இருந்து கத்தியைப் பூட்டுற சட்டம் நிக்காம முழுசா எறங்குச்சு. கத்தி இருக்க வேண்டிய இடம் காலியா இருந்துச்சு. அந்தக் காலிக்குள்ளதான் என் கை இருந்துச்சு." வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நாமதான் அவசரப்பட்டு முந்திட்டோம் போல, வயசாகுதுன்னு நெனச்சேன். சொன்னா வேற ஆளைப் போட்டுருவாகன்னு யார்ட்டயும் சொல்லல."